ஏழு பாபின்கள்

போன வருஷம் தைப்பூசம் முடிந்த மறுவாரம். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு, பேப்பர் படிக்கலாம் என்று கூடத்தில் கிடந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலிக் காலுக்கடியில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், சுண்டு விரலில் பாதி நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. இரண்டு முனையிலும் சின்னத் தட்டு, நடுவில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு தண்டு. தண்டு வளைந்து, ஒரு தட்டு மடங்கிப் போயிருந்தது.

அறையிலிருந்து வந்து அம்மா பார்த்தார்.

“போச்சா?”

அந்த ஒரு வார்த்தைதான். திட்டவில்லை. அதை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையில் துடைத்து, தையல் மிஷினுக்குள் வைத்து, மர மூடியைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு அந்த மூடி திறக்கவே இல்லை.

நான் நசுக்கியது ஒரு பாபின். தையல் மிஷினில் அடிநூல் சுற்றும் உருளை. அம்மாவின் சிங்கர் மிஷினுக்கு மிச்சமிருந்த ஒரே பாபின் அதுதான்.

பாபின் என்றால் இன்றைக்குத் தைப்பவர்களுக்கு இருபது காசு அளவில் வட்டமாக இருப்பதுதான் நினைவுக்கு வரும். அம்மாவின் மிஷின் அதற்கு முந்திய காலத்தது. சிங்கர் 128. அதில் பாபின் நீளமாக இருக்கும். அது போய் உட்காரும் ஷட்டில், ஒரு பக்கம் கூராக, பளபளவென்று, அச்சு அசலாகத் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். ஊசி இறங்கி ஏறும்போது இந்தத் தோட்டா தகட்டுக்கு அடியில் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி, மேல்நூலின் வளையத்துக்குள் புகுந்து வெளியே வரும். அப்படித்தான் தையல் விழுகிறது. கையால் சுற்றும் மிஷின். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் மூன்று தையல்.

இந்த மிஷின்கள் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்யப்பட்டவை. 1880-களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தையல் மிஷின் தொழிற்சாலை. முதல் உலகப் போருக்கு முன்பே வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பியது. 1980-ல் மூடிவிட்டார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றுதான் பெயர். செய்த இடம் போய்விட்டாலும் செய்த மிஷின்கள் போகவில்லை. எண்ணெய் விட்டால் ஓடும். ஆனால் விரல் நுனியில் நிற்கும் ஒரு பாபின் இல்லையென்றால், அது பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள வெறும் இரும்பு.

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காலையில் மரம், மத்தியானத்துக்கு மேல் மிஷின். லயத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை, தீபாவளி வந்தால் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ‘கடக் கடக்’ சத்தம். அப்பா சம்பளம் கடைக் கடனுக்குப் போகும். எங்கள் படிப்பு அந்த மிஷின் போட்டது. நான் தொழிற்கல்வி படித்து முடித்து 1986-ல் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்தபோது, போட்டுக்கொண்டு போன சட்டையும் அதில் தைத்ததுதான்.

மிஷினை வாங்கியபோது அதனுடன் ஏழு பாபின்கள் இருந்தன. நான் நாற்காலியில் நசுக்கியது ஏழாவது. மற்ற ஆறும் எங்கே போயின என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயது. தோட்டத்துத் திடலில் திரை கட்டி எம்.ஜி.ஆர். படம் போட்டிருந்தார்கள். மறுநாள் முழுக்க நாங்கள் ரப்பர் கட்டையில் துப்பாக்கி செய்து சண்டை போட்டோம். துப்பாக்கி இருந்தால் தோட்டா வேண்டுமே? அம்மா மரத்துக்குப் போயிருந்த நேரம். மிஷின் பெட்டியைத் திறந்து பாபின்களை எடுத்துக்கொண்டு போனேன். ரப்பர் வளையத்தில் வைத்து இழுத்து விட்டால் நன்றாகப் பறந்தன. ஆறும் லயத்துக்குப் பின்னால் இருந்த பெரிய சாக்கடையில் விழுந்தன. ஏழாவது ஷட்டிலுக்குள் இருந்ததால் தப்பித்தது.

அன்றைக்கு வாங்கிய அடி எனக்கு நினைவிருக்கிறது. நான் யோசிக்காமல் விட்டது வேறொன்று. அம்மா பட்டர்வொர்த் கடையில் போய்க் கேட்டிருக்கிறார். பழைய மாடலுக்கு இல்லை, வட்ட பாபின்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே பாபினை வைத்துக்கொண்டே தைத்தார். சிவப்பு ரவிக்கை முடிந்து பச்சை ரவிக்கை எடுத்தால், இருக்கிற சிவப்பு நூலை உருவிவிட்டுப் பச்சை நூலைச் சுற்ற வேண்டும். உருவிய நூலை வீணாக்காமல் ஒரு குச்சியில் சுற்றி வைக்க வேண்டும். ஏழு பாபின் இருந்தால் ஏழு நிறத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்காரலாம். தீபாவளிக்கு நாற்பது ரவிக்கை. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்று வைத்தாலும், வருஷா வருஷம் நான் அம்மாவிடமிருந்து எத்தனை இரவுத் தூக்கத்தைப் பிடுங்கியிருக்கிறேன் என்று ஐம்பத்தெட்டாவது வயதில்தான் கணக்குப் போட்டேன்.

மிஷின் மூடிக் கிடந்ததைப் பார்த்து, தம்பி உடனே புது மின்சாரத் தையல் மிஷின் ஒன்று வாங்கி வந்தான். நல்ல மிஷின். அம்மா இரண்டு நாள் முயன்று பார்த்தார். கால் பலகையை லேசாகத் தொட்டாலே ஊசி தடதடவென்று ஓடியது.

“அது என்னைத் துரத்துது தம்பி” என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். இப்போது அதன் மேல் அவருடைய மருந்துப் பெட்டி இருக்கிறது.

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கும் போனேன். ஞாயிறு இரண்டு போனேன். தரையில் துணி விரித்துப் பழைய கடிகாரம், கேமரா, சாவி எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். சிங்கர் மிஷின்கூட இரண்டு இருந்தது. பாபின் இல்லை. ஒருவர், “உங்கள் மிஷினைக் கொடுங்கள், இருநூற்றைம்பது வெள்ளி தருகிறேன். ஜார்ஜ் டவுன் காபிக் கடைகளில் அலங்காரத்துக்குக் கேட்கிறார்கள்” என்றார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால் நீள பாபின் இன்னும் கிடைக்கிறது. பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பத்து வரவழைத்தேன். நான்கு ஷட்டிலுக்குள்ளேயே போகவில்லை. மற்றவை போயின. ஆனால் தண்டு நேராக இல்லை. இந்த மிஷினில் நூல் இழுபட இழுபட பாபின் ஷட்டிலுக்குள் உருள வேண்டும். உருளை கோணலாக இருந்தால் ஒரு சுற்றில் நூல் இறுகும், அடுத்த சுற்றில் தளரும். தையல் பார்க்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அம்மா ஒரு கைக்குட்டை ஓரம் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடியைப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பெர்த்துக்குக் குடியேறிவிட்ட பழைய சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். அந்த வெள்ளைக்காரப் பெரியவர் உரிமம் பெற்ற பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளர். அவரிடம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 1871-ல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்ட ரகம். அதற்கான தோட்டா உறையைப் பெரிய தொழிற்சாலைகள் செய்வதை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அதனால் வீட்டுக் கொட்டகையில் ஒரு சின்ன லேத் மெஷினை வைத்துக்கொண்டு, பித்தளை உறைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கடைந்து எடுக்கிறாராம். மாதத்துக்கு நான்கைந்து. சுடுவது வருஷத்துக்கு ஒரு நாள்.

நம் நாட்டில் இதெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் வராது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்கு அதில் ஆசையும் இல்லை. ஆனால் நண்பர் அடுத்துச் சொன்னது மனத்தில் தைத்தது.

“முப்பத்தொரு வருஷம் டூல் ரூமில் இருந்த மனுஷன், ஒரு பாபினுக்காகச் சந்தை சந்தையாக அலைகிறீர்களே!”

உண்மைதான். 1972-ல் பாயான் லெப்பாஸில் தாராள வாணிப வட்டாரம் வந்த பிறகு, எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பாலம் ஏறியும் படகு ஏறியும் இந்தத் தீவுக்கு வந்தோம். இன்டெல் முதன்முதலாக அமெரிக்காவுக்கு வெளியே ஆலை திறந்த இடம் இது. நான் சேர்ந்தது வேறொரு தொழிற்சாலையில். அங்கே டூல் ரூமில் முதல் ஏழெட்டு வருஷம் கையால் ஓட்டும் கோல்செஸ்டர் லேத், அப்புறம் கணினியில் ஓடும் இயந்திரங்கள். முடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பாகங்கள் செய்தோம். அவை எந்த இயந்திரத்துக்குப் போயின, அந்த இயந்திரம் செய்த பொருள் யார் கைக்குப் போனது, எதுவும் தெரியாது. வரைபடம் வரும், செய்வோம், பெட்டியில் போடுவோம், பெட்டி போய்விடும். 2017-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் நானும் வெளியே வந்துவிட்டேன். பிறகு இ-ஹெய்லிங் கார் ஓட்டினேன். கைகளுக்கு ஸ்டீயரிங் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று.

புக்கிட் மெர்தாஜமில் ஒருவர் பயன்படுத்திய சின்ன லேத் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஏழு இஞ்ச் ரகம், நாற்பது கிலோ இருக்கும். சீனாவில் செய்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. நானும் மருமகனும் தூக்கிக் காரில் வைத்து, பாலம் தாண்டிப் பாயான் பாருவுக்குக் கொண்டு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பலகை மேசை போட்டு அதில் முடுக்கினேன்.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: “கைலி கட்டிக்கிட்டு அதுகிட்ட போகக் கூடாது.” சரியான நிபந்தனை. சுற்றுகிற சக்கில் தொங்கும் துணி மாட்டினால் அது ஆளையே இழுத்துக்கொள்ளும். கையுறையும் கூடாது. கண்ணாடி மட்டும் கட்டாயம். தொழிற்சாலையில் பிள்ளைகளுக்கு நான் ஓதிய பாடத்தை என் வீட்டில் எனக்கே ஓதினார்கள்.

சின்ன லேத் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்குவது பாதிச் செலவுதான். சக், டிரில், டூல், டயல் கேஜ், மைக்ரோமீட்டர் என்று மீதிப் பாதி பின்னாலேயே வரும். வாங்கியவுடன் வேலையும் செய்யாது. நகரும் பாகங்களில் இருக்கும் ஆட்டத்தை எடுக்க, எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, திருகுகளைச் சரிப்படுத்த எனக்கே இரண்டு வாரம் பிடித்தது. பெரிய லேத் உங்கள் தவறை மன்னித்துவிடும். சின்ன லேத் மன்னிக்காது. டூலைக் கொஞ்சம் அழுத்தினாலும் உடம்பெல்லாம் நடுங்கும்.

முதல் கேள்வி அளவு. கையில் இருப்பது நசுங்கிய பாபின். அதை அளந்து அப்படியே செய்யக் கூடாது. நூறு வருஷத் தேய்மானமும் என் நாற்காலியின் கைங்கரியமும் சேர்ந்ததுதான் அதன் அளவு. தேய்ந்த பாகத்தைப் பார்த்துச் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துச் செய்வோம். பெர்த் நண்பரிடம் கேட்டேன். தோட்டா உறை செய்கிறவர்களும் பழைய உறையை நம்புவதில்லையாம். அது போய் உட்காரும் இடத்தை அச்செடுத்துத்தான் அளப்பார்களாம். நான் சாமி மேடையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து உருக்கி, ஷட்டிலின் உள்பக்கம் எண்ணெய் தடவி ஊற்றினேன். ஆறிய பிறகு மெழுகு ஒரு குட்டிப் படகு மாதிரி கழன்று வந்தது. அதை அளந்தேன். சொன்ன இடத்தில் பாபின் உருள எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்த மெழுகு சொன்னது.

அடுத்து பித்தளை. பித்தளை எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். தோட்டா உறைக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இழுத்து நீட்டினால் கிழியாமல் வரும். கடைசலுக்கு விற்கும் பித்தளைக் கம்பியில் கொஞ்சம் ஈயமும் சேர்ந்திருக்கும். அதனால் சீவல் சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளாமல் பொடிப் பொடியாக உதிரும். கடைவதற்குச் சுகம். ஆனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பொடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

முதல் பாபினை ஒரே பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்தேன். இரண்டு தட்டுக்கும் நடுவில் இருப்பதைச் சீவிக்கொண்டே போய்த் தண்டாக்க வேண்டும். டூலின் மேல்முகத்தைச் சரிவாகத் தீட்டியிருந்தேன். இரும்புக்கு அது சரி. பித்தளை அப்படிப்பட்ட டூலைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். இருபது வயதில் படித்ததை மறந்திருந்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். தண்டு இரண்டாகி, ஒரு துண்டு துணி துவைக்கும் தொட்டியில் போய் விழுந்தது. எட்டு வயதில் சாக்கடையில் விழுந்த அதே சத்தம்.

இரண்டாவதற்கு டூலை மாற்றி, மறுமுனையை டெயில்ஸ்டாக்கால் தாங்கினேன். தாங்கல் கொஞ்சம் இறுகிவிட்டது. கடைந்து முடித்துத் தளர்த்தினால், தண்டு வில் மாதிரி வளைந்து நின்றது. மூன்றாவதும் அப்படியே.

இந்தக் கட்டத்தில் என் மகள் உள்ளே நுழைந்தாள். அவளும் பாயான் லெப்பாஸில்தான் வேலை, வடிவமைப்புப் பிரிவில் பொறியியலாளர். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். “ஏம்ப்பா இவ்வளவு கஷ்டம்? முப்பரிமாண அச்சில் அரை மணி நேரத்தில் எடுத்துடலாம்” என்று சொல்லி, மறுநாளே பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்து வந்தாள். அளவு கச்சிதம். நூல் சுற்றிப் போட்டதும் மிஷின் தைக்கவும் செய்தது. ஆனால் அச்சின் அடுக்கு வரிகளில் நூல் உரசி, கொஞ்ச நேரத்தில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. அம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, “சொரசொரன்னு இருக்கு. ஆனா பொண்ணு கெட்டிக்காரி” என்றார். எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பாபினைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. எதற்காக ஒரே கம்பியிலிருந்து கடைய வேண்டும்? தண்டைத் தனியாகவும் தட்டுகளைத் தனியாகவும் செய்து சேர்க்கலாமே? பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரின் பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து ஒரு ஸ்போக் கம்பி கேட்டு வாங்கினேன். இரண்டு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. நேராக இருந்தது, வளையவும் வளையாது. பித்தளையில் இரண்டு தட்டுகளைக் கடைந்து, நடுவில் கம்பியைவிட மயிரிழை குறைவாகத் துளை போட்டு, அழுத்திச் செருகினேன். தட்டு சுற்றும்போது ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை.

பெருமையாகக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். மூடி திறந்தது. நூல் சுற்றினார், ஷட்டிலில் போட்டார், கைப்பிடியைச் சுற்றினார். கடக், கடக், கடக். ஆறாவது தையலில் அடிநூல் அறுந்தது. மறுபடியும் கோத்தார். மறுபடியும் அறுந்தது.

“அம்மா, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. மைக்ரோமீட்டர்ல பார்த்தேன்.”

அம்மா பதில் சொல்லவில்லை. பாபினை எடுத்து, மருந்துப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி, தட்டின் உள் ஓரத்தில் சுற்றித் தேய்த்தார். ஒரு இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நின்றது.

“இந்தா, இங்க கீறுது. உன் மெஷினுக்குத் தெரியலை. நூலுக்குத் தெரியுது.”

கண்ணுக்கும் தெரியாத, கருவிக்கும் தெரியாத ஒரு பிசிறு. தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து என் வேலை திரும்பி வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். என் வீட்டுக் கூடத்தில், எண்பத்து நான்கு வயதில், கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவர் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துக்கொண்டு என் வேலையை ‘ரிஜெக்ட்’ செய்தார். சரியான காரணத்தோடு.

அன்றைக்கு ராத்திரி, தோட்டத்தில் இருந்தபோது அம்மா வேலைக்காரர், நான்தான் பின்னாளில் தொழில்நுட்பம் கற்றவன் என்று இத்தனை வருஷம் மனத்துக்குள் வைத்திருந்த ஒரு கணக்கு தப்பு என்று புரிந்தது. நூலின் இறுக்கம், ஊசியின் நேரம், எந்தத் துணிக்கு எந்த இடைவெளி என்று அந்தக் காலத்திலேயே அவர் ஓர் இயந்திரத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த இடத்தில் காந்தியடிகளைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளம் மாணவர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். பின்னாளில் டி.எஸ். சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர் அவர்தான். காந்தி சொன்ன பதிலில் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு இருந்தது; மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் பிறந்த இயந்திரம் என்று அவர் கருதினார். இன்னொன்றையும் சொன்னார்: ராட்டையின் கதிர் வளைந்துவிட்டால் அதை நிமிர்த்த ஓர் இயந்திரம் வரட்டும், கொல்லர் கதிர் செய்வதை நிறுத்த வேண்டாம், ஆனால் நூற்கிறவர் ஒவ்வொருவரிடமும் தன் கதிரைத் தானே நிமிர்த்திக்கொள்ள ஒரு சின்ன மெஷின் இருக்கட்டும் என்ற பொருளில். படித்தபோது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. துணி துவைக்கும் இடத்தில் ஒரு குட்டி லேத்துக்கு முன்னால், வளைந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் எதைச் சொன்னார் என்று தெரிந்தது. பெரிய தொழிற்சாலை பத்து லட்சம் மிஷின் செய்யும். அது மூடிய பிறகு ஒரே ஒரு பாபினைச் செய்ய அதனால் முடியாது. வீட்டில் இருக்கும் சின்ன மெஷினால் அது முடியும்.

பிசிறுக்கு வைத்தியம் எளிது. தட்டைக் கம்பியில் செருகுவதற்கு முன்பே, சுற்றிக்கொண்டிருக்கும்போது, நைசான உப்புத்தாளால் ஓரத்தை மழுக்கி, பிறகு துணியில் மெருகுப் பசை தொட்டுத் தேய்க்க வேண்டும். கடைசிச் சோதனை அம்மாவின் பஞ்சு. ஐந்தாவது பாபின் அந்தச் சோதனையில் தேறியது.

அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட வேட்டி. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதான் போட வேண்டும் என்பது நம் வழக்கம். புதுத் துணி அந்த உடம்பை உறுத்தும். கொள்ளுப் பிள்ளைக்கு அந்த வேட்டியில் ஆறு சட்டை தைக்க வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறார். மகள் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து நினைத்திருக்கிறார். பாபின் இல்லை என்பதால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. கடக் கடக் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் வலது கை நடுங்கும். தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தளும்பும். கைப்பிடியைப் பிடித்தபோது நடுங்கவில்லை. ஒரு சின்னச் சட்டையின் தோள் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்த பாகம் ஒன்று எதைச் செய்தது என்று என் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நல்லா இருக்காம்மா?”

“இருக்கு. இன்னும் ஆறு செய். ஏழு இருந்துச்சு.”

ஐம்பது வருஷமாக எண்ணிக்கையை மறக்கவில்லை.

செய்தேன். ஒரு மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் பஞ்சுச் சோதனை. இரண்டு திரும்பி வந்தன. மகள் எல்லா அளவுகளையும் போட்டு ஒழுங்கான வரைபடம் ஒன்று வரைந்து, அச்செடுத்து, மிஷின் பெட்டியின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். நானும் லேத்தும் இல்லாத காலத்திலும் யாராவது செய்துகொள்ளலாம். சைக்கிள் கம்பி கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தன்னுடைய பழைய மேசை விசிறியின் உடைந்த திருகுக் குமிழைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய நண்பர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கோடு வந்தார். பெரிய வேலை எதுவும் இல்லை. எல்லாம் கடையில் கேட்டால் ‘இப்ப வர்றதில்லை’ என்று சொல்லும் சின்னச் சாமான்கள். காசு வாங்குவதில்லை, பித்தளைக் கம்பி வாங்கிக் கொடுத்தால் போதும்.

பேத்தி பிறந்து இப்போது நான்கு மாதம். ஆறு சட்டைகளும் அவளுக்குச் சின்னதாகிவிட்டன. அம்மா அடுத்த அளவுக்குத் துணி தேடிக்கொண்டிருக்கிறார். ஏழு பாபின்களிலும் ஏழு நிற நூல் சுற்றி, ஒரு மைலோ டின்னில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். ஏன் அவ்வளவு உயரத்தில் என்று கேட்டேன்.

“பிள்ளை நடக்க ஆரம்பிச்சா எடுத்துரும். உன் ரத்தம்தானே?”

எடுக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த முறை பின்கட்டில் லேத் இருக்கிறது.